சிலையும் சிம்மாசனமும்

ஒரு பாடலின் பொருளை யார் தீர்மானிப்பது? எழுதிய கவிஞரா, பாடுகின்ற மக்களா, காவல் நிலையத்தில் புகார் அளிப்பவரா? உருதுக் கவிஞர் பைஸ் அகமது பைஸின் ‘ஹம் தேகேங்கே’ என்ற பாடல் நம் நாட்டில் இக்கேள்வியை இருமுறை எழுப்பியிருக்கிறது.

குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தின்போது, 2019 டிசம்பர் 15 அன்று தில்லி ஜாமியா மிலியா இஸ்லாமியா பல்கலைக்கழக வளாகத்துக்குள் காவல்துறை நுழைந்தது. தாக்கப்பட்ட மாணவர்களுக்கு ஆதரவாக இரு நாள்கள் கழித்து கான்பூர் ஐ.ஐ.டி. மாணவர்கள் கூடியபோது இக்கவிதை வாசிக்கப்பட்டது. அது சமய உணர்வைப் புண்படுத்துவதாக ஆசிரியர் ஒருவர் புகார் அளிக்க, விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கவிதையின் பொருளை ஆராய்வது குழுவின் பணியன்று, அன்றைய நிகழ்வுகள் குறித்த புகார்களையே அது விசாரிக்கும் என்று நிர்வாகம் விளக்கமளித்தது. எனினும், கவிதையை வாசித்தது காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்தாத செயல் எனக் குழு முடிவு செய்ததாக 2020 மார்ச்சில் செய்திகள் வெளியாயின.

ஆட்சேபத்துக்கு உள்ளானது, சிலைகள் அகற்றப்படுவது பற்றிய உருவகம். அதில் சமயச் சாயலே இல்லை என்று ஆதரவாளர்களில் சிலர் வாதிட்டது சரியன்று. கவிதையின் தலைப்பே திருக்குர்ஆனின் 55-ஆவது அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டதுதான். மெக்காவின் காபாவிலிருந்து சிலைகள் அகற்றப்பட்ட வரலாறும், இறுதித் தீர்ப்பு நாள் பற்றிய நம்பிக்கையும் அதில் ஊடாடுகின்றன. பின்னணி அறியாத ஒருவருக்கு அதைக் கேட்டு நெருடல் ஏற்படுமானால், அவரை எள்ளி நகையாடுவது அழகல்ல. விளக்கிச் சொல்வதே முறை.

1977-இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் ஜியா உல் ஹக், இஸ்லாத்தின் பெயரால் பாகிஸ்தானை ஆண்டார். ராவல்பிண்டி சதி வழக்கில் 1951-இல் கைதாகிச் சிறையிலிருந்தவரும், 1962-இல் லெனின் அமைதிப் பரிசு பெற்றவருமான இடதுசாரி பைஸ், 1979-இல் இக்கவிதையை எழுதினார். எந்தச் சமயமொழியைக் கொண்டு சர்வாதிகாரி தன் ஆட்சியை நியாயப்படுத்தினாரோ, அதே மொழியைக் கவிஞர் அவருக்கு எதிராகத் திருப்பினார். அங்கே சிலைகள் என்பவை எந்த ஆலயத்தின் விக்கிரகங்களும் அல்ல. தம்மை வணங்கச் சொல்லும் ஆட்சியாளர்களே. தன்னையே மெய்ப்பொருளாகக் கண்டு முழங்கி, 922-இல் பாக்தாதில் கொல்லப்பட்ட சூஃபி ஞானி மன்சூர் அல் ஹல்லாஜின் குரலும் அதே கவிதையில் ஒலிக்கிறது. அத்வைதம் அறிந்த எவருக்கும் அக்குரல் அந்நியமாகத் தோன்றாது. 1984-இல் பைஸ் மறைந்த பின்னர் லாகூரில் இக்பால் பானோ இதைப் பாடியபோது எழுந்த கரவொலி, ஜியாவின் ஆட்சிக்கு எதிரானது.

அடுத்த சர்ச்சை நாகபுரியில் எழுந்தது. மறைந்த நடிகரும் சமூகச் செயல்பாட்டாளருமான வீரா சாத்திதாரின் நினைவாக 2025 மே மாதம் நடந்த நிகழ்ச்சியில் இப்பாடல் பாடப்பட்டது. அமைப்பாளர்கள் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு உள்ளிட்டவற்றின் கீழ் வழக்குப் பதிவானது. நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஊறு விளைவிப்போருக்கான அப்பிரிவு, ஆயுள் தண்டனை வரை விதிக்க வகை செய்கிறது. இம்முறை புகார் சிலையைப் பற்றியதன்று, சிம்மாசனத்தைப் பற்றியது. அரியணை ஆட்டம் காண்பது குறித்த சொற்கள் அரசுக்கு விடுக்கப்பட்ட மிரட்டலாம்! பாடலில் ஒரு சொல்லும் மாறவில்லை. குற்றச்சாட்டு மட்டும் மாறிவிட்டது. அரியணையை அசைப்பதாகப் பாடுவது தேச விரோதம் என்றால், ஆள்வோரும் தேசமும் ஒன்றென்றாகிறது. ஜனநாயகத்தில் இதை ஏற்க இயலாது.

தமிழகத்துக்கும் இது புதிதல்ல. மதுக்கடைகளுக்கு எதிராகப் பாடிய கோவன், 2015 அக்டோபரில் தேசத்துரோகச் சட்டப் பிரிவின் கீழ் கைது செய்யப்பட்டார். ஆளும் கட்சி எதுவாயினும், பாடலைக் கண்டால் எழும் அச்சம் ஒன்றுதான்.

நாகபுரி வழக்குக்கு இரண்டு மாதங்களுக்குள் முன்புதான், 2025 மார்ச் 28 அன்று, இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத் காவல்துறை ஒரு கவிதைக்காகப் பதிவு செய்த வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சொற்களின் விளைவை உறுதியும் துணிவும் உடைய மனிதரை அளவுகோலாகக் கொண்டே மதிப்பிட வேண்டும். எதிலும் ஆபத்தைக் காண்பவரைக் கொண்டு அல்ல என்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு கூறியது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய பேச்சு, எழுத்துக் குற்றச்சாட்டுகளில் வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை நடத்துவதே உகந்தது என்றும் அறிவுறுத்தியது. ஆயுள் தண்டனைக்குரிய 152-ஆவது பிரிவைச் சேர்த்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு நழுவிப்போகிறது. பாட்டுக்கும் பேச்சுக்கும் அப்பிரிவைப் பயன்படுத்தும் முன்னரும் பூர்வாங்க விசாரணை கட்டாயமாக்கப்பட வேண்டும்.

பைஸின் கவிதையை விமர்சிக்க எவருக்கும் உரிமை உண்டு. அந்த விமர்சனம் மேடையிலும் ஏட்டிலும் நிகழட்டும். கவிதைக்குப் பொருள் எழுதும் பொறுப்பை முதல் தகவல் அறிக்கையிடம் ஒப்படைக்க வேண்டாம்.