போட்ட யூரியாவில் பாதி எங்கே போச்சு?

கள்ளக்குறிச்சி:
ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் தழைச்சத்து ஏறக்குறைய 20 கிலோ 700 கிராம். நெல் வயலில் வீசினால், பயிர் பல சமயம் அதில் பாதியைக்கூட எடுத்துக்கொள்வதில்லை. மீதி எங்கே போச்சு? பூட்டை உடைத்து யாரும் தூக்கிப் போகவில்லை. பட்டப்பகலில் நம்ம கண் முன்னாலேயே போகிறது!

மூன்று வழி

ஒன்று, காற்று. மேலாக வீசிய யூரியா அம்மோனியாவாகப் பறக்கிறது. வயலிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடும் கிளம்புகிறது. பூமியைச் சூடாக்குவதில் இது கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு பொல்லாதது.

இரண்டு, மழை. கல்வராயன் மலைச் சரிவில் உரம் வைத்த மறுநாள் மழை கொட்டினால், ஓடையோடு உரமும் இறங்கிவிடும். மலைத் தண்ணீர் கோமுகி அணைக்கு வந்து, கீழே நம் வயல்களுக்குத்தான் பாய்கிறது.

மூன்று, நிலத்தடி. யூரியா நைட்ரேட்டாக மாறி, கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் இறங்குகிறது. இதுதான் பெரிய ஆபத்து.

பச்சைக் குழந்தைக்கு வினை

குடிதண்ணீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லி கிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்திய தர அளவு. தாண்டிய தண்ணீரில் பால் பவுடர் கலக்கிக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயலாம். "கொதிக்க வெச்சா சரியாப் போயிடும்" என்று நினைக்காதீர்கள். கொதித்தால் தண்ணீர்தான் சுண்டும். நைட்ரேட் அப்படியே நிற்கும்.

கழிவுநீர்க் குழியும் சாணக் குப்பையும்கூட நைட்ரேட் கொடுப்பவைதான். ஆனால் வயல் பங்கை மறைக்க முடியாது.

விலைதான் காரணம்

விவசாயியை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமா? யூரியா மூட்டை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் சேர்க்காமல், 242 ரூபாய். 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய். எது மலிவோ அதைத்தானே கை அள்ளும்? 2010-ல் மற்ற உரங்களுக்குச் சத்துக்கு ஏற்ற மானியம் வந்தது. யூரியாவை மட்டும் அதில் சேர்க்கவில்லை. 2015-ல் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கினார்கள். உரம் மெதுவாகக் கரையும், தொழிற்சாலைக்குக் கடத்துவதும் குறையும் என்பது கணக்கு. ஆனால் விலை இடைவெளி அப்படியே நிற்கிறது.

அதிகம் போட்டால் விளைச்சலும் அதிகம் என்பது பொய்க்கணக்கு. இலை கருகருவென்று பச்சை கட்டும். புகையான் தேடி வரும். காற்றடித்தால் பயிர் சாயும். மருந்துச் செலவு தனி!

மண் பரிசோதனை செய்யுங்கள். நெல்லுக்கு இலை வண்ண அட்டை வைத்துப் பாருங்கள். மொத்தமாக வீசாமல் பிரித்துப் போடுங்கள். மழை வரும்போல இருந்தால் மூட்டையைப் பிரிக்காதீர்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

விலைக் கோளாறை டெல்லிதான் தீர்க்க வேண்டும். அதுவரை கிணறு காத்திருக்குமா?