வசனத்தின் பின்பாதி

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் எகிப்தியச் சிந்தனையாளர் நஸ்ர் ஹாமித் அபூ ஸைத் பற்றிப் பேசினோம். நீதிமன்றமே மதத்தை விட்டு வெளியேறியவர் என்று தீர்ப்பளித்த பேராசிரியர் என்றதும் ஒரு தோழர், “அப்ப அவர் நம்ம ஆள்” என்றார். எனக்கு அது உறுத்தியது. சாகும்வரை தன்னை முஸ்லிம் என்றே சொன்ன மனிதர் அவர். என்ன எழுதினார் என்று பார்க்காமல், தண்டனையை மட்டும் வைத்துக் கொண்டாடுவது சோம்பேறித்தனம்.

யூசுஃப் சூராவின் இரண்டாவது வசனத்தை எடுப்போம். குர்ஆன் அரபியில் இறக்கப்பட்டது, நீங்கள் விளங்கிக்கொள்வதற்காக என்பது அதன் கருத்து. நாங்கள் முன்பாதியிலேயே நின்றுவிடுகிறோம்: இறைவன் தேர்ந்த மொழி, ஆகவே அரபி புனிதம். பின்பாதி? அங்கே காரணமே கேட்கிற மனிதர்கள்தான். 1990இல் வந்த ‘மஃப்ஹூம் அந்நஸ்’ நூலில் அபூ ஸைத் போகிற வழியும் இதுதான். வஹீ முதலில் யாரிடம் பேசியதோ அவர்களுடைய மொழியில் பேசியது. மொழி வெறும் பாத்திரமில்லை. ஒரு மொழியைத் தேர்ந்தால் அந்த மக்களின் உலகமும் வரலாறும் கூடவே வரும். ஆகவே அந்த வரலாற்றைப் படிக்காமல் வசனத்தைப் படிக்க முடியாது என்றார்.

இது ஏன் அரசியல்? இமாம் ஷாஃபியைப் பாருங்கள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர், தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்க்காரர் பலர், என் வீடு உட்பட, அவருடைய மத்ஹப்தான். குர்ஆனில் அரபி அல்லாத சொல்லே இல்லை, ஒவ்வொரு முஸ்லிமும் முடிந்த அளவுக்கு அரபி படித்தே ஆகவேண்டும் என்று வாதிட்டவர் அவர். ஆதாரமாக வைத்ததும் இதே மாதிரி வசனங்களைத்தான். அதற்கு முன்பு, பாரசீக வம்சத்தவரான இமாம் அபூ ஹனீஃபா தொழுகையில் பாரசீகத்தில் ஓதலாம் என்று இடம் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஷாஃபியின் தூய அரபி வாதத்துக்குப் பின்னால் குறைஷிகளின் மேலாண்மை இருக்கிறது என்று அபூ ஸைத் எழுதினார். விளங்குவதற்கான வழி அதிகாரத்தின் படிக்கட்டாக மாறிய கதை அது.

1992இல் பதவி உயர்வுக்கு அவர் கொடுத்த நூல்களில் அந்த ஷாஃபி நூலும் ஒன்று. பதவி மறுக்கப்பட்டது, பிறகு வழக்கு. 1995 ஜூனில் கெய்ரோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கும் இப்திஹால் யூனிஸுக்கும் இருந்த திருமணத்தையே செல்லாது என்றது. இருவரும் பிரியச் சம்மதிக்கவில்லை. லைடனுக்குப் போனார்கள். (ஐரோப்பாவில் இந்தக் கதையை முஸ்லிம்களை அடிக்கும் தடியாக எடுக்கிறவர்கள் உண்டு. நாங்களும் அந்த வரிசையில் நிற்கக் கூடாது.)

ஆனால் அவரோடும் எனக்கு ஒரு சண்டை. என் உம்மும்மா அரபியில் ஒரு சொல்லும் விளங்காமல் அறுபது வருசம் ஓதியவர். “விளங்கினாத்தான் ஓதணும் எண்டு இல்ல மகள், ஓதினா மனசு அமரும்” என்பார். ‘மஃப்ஹூம் அந்நஸ்’ அவரை எங்கே வைக்கும்? நெதர்லாந்துக் காலத்தில் அபூ ஸைத் குர்ஆனை எழுத்துப் பிரதியாகப் பார்ப்பது போதாது, அது உயிருள்ள பேச்சு, உரையாடல் என்று தன் நிலைப்பாட்டை மாற்றினார். அந்த இடத்தில்தான் உம்மும்மாவும் உள்ளே வருகிறார். ஓதல் முழுக்க அரபியில் இருக்கும். முடித்துக் கையேந்தியதும், பேரப்பிள்ளைகளின் விசாவிலிருந்து முழங்கால் வலி வரை இறைவனிடம் தமிழில் முறையிடுவார்.