பத்து விரலில் பந்தாட்டம்!

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி வந்தால் ஜெர்சி விற்கும் கடைகளுக்குக் கொண்டாட்டம். இது பழைய கதை. இப்போது நகப்பூச்சு விற்கும் கடைகளுக்கும் கொண்டாட்டம்!

தனக்குப் பிடித்த அணியின் ஜெர்சி என்ன நிறமோ, அதே நிறத்தை நகத்தில் தீட்டிக் கொள்வது பெண்களிடையே ஒரு நாகரிகமாகி விட்டது. ஒரு விரலில் ஜெர்சியின் கோடு. இன்னொரு விரலில் ஆட்டக்காரரின் எண். சுண்டு விரலில் ஒரு குட்டிப் பந்து. ஆடுகிறவர்கள் 11 பேர், விரல்களோ பத்துத்தான். கோல் காப்பவர் பாடு திண்டாட்டம்!

2026-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கு 48 நாடுகள், 104 ஆட்டங்கள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்தும் போட்டி அது. 48 நாடுகள் என்றால் 48 விதமான ஜெர்சிகள். நகத்துக்குப் பஞ்சமில்லை, நிறத்துக்கும் பஞ்சமில்லை.

"பெண்களின் சிங்காரம்தானே, இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம்.

இருக்கிறது. கால்பந்து, ஆண்களின் ஆட்டம் என்று பெயர் வாங்கிய ஆட்டம். மைதானத்தில் இடம் கிடைக்காத பெண்கள் நகத்தில் இடம் பிடித்திருக்கிறார்கள். இது நகத்தோடு நின்று விடுமா? மைதானம் வரை போகுமா?

மலைக்கு மேலே கால்பந்து

இந்தக் கேள்வியைப் போடிநாயக்கனூரில் நின்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

போடி, ஏலக்காய்க்குப் பேர் போன ஊர். ஊருக்கு மேற்கே மலை. 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத் தேனி மாவட்டத்துப் பெண்கள் தினமும் ஜீப்பில் மலை ஏறுகிறார்கள். காலையில் போய் மாலையில் திரும்புகிறார்கள்.

கீழே தமிழ்நாட்டில் கிரிக்கெட் மோகம். மேலே கேரளத்தில் கால்பந்துப் பைத்தியம்! உலகக் கோப்பை சமயத்தில் கேரளத்தின் சந்திகளில் ஆட்டக்காரர்களின் படங்கள் தொங்கும். அர்ஜென்டினா கட்சி, பிரேசில் கட்சி என்று ஊர் இரண்டுபடும். 2022-ல் கோழிக்கோட்டுக்கு அருகே புள்ளாவூரில் ஆற்றின் நடுவிலேயே மெஸ்ஸிக்குப் பிரமாண்டமான 'கட்-அவுட்' வைத்தார்கள். பிரேசில் கட்சி விடுமா? அதை விட உயரமாக நெய்மாருக்கு ஒன்று. பிறகு ரொனால்டோவுக்கு ஒன்று. அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது.

மூணாறுத் தேயிலைத் தோட்டங்களிலும் கால்பந்து வெகு காலமாக வேரூன்றியது. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் அணி உண்டு. பின்லே கேடயத்துக்காக அந்த அணிகள் மோதும். ஆட்டக்காரர்களில் தமிழ்த் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். மூணாறுக்கும் போடிக்கும் உறவு இன்று நேற்று வந்ததல்ல. ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இருந்து கம்பி வடத்தில் தொங்கியபடியே கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்து சேர்ந்தன.

ஆக, மலை ஏறும் பெண்களுக்கு ஜெர்சி நிறங்கள் புதிதல்ல. ஆனால் ஆட்டம் பார்க்க நேரம் ஏது? 2026 இறுதி ஆட்டத்தின் நேரம், நமது கணக்கில் ஜூலை 20-ந் தேதி திங்கட்கிழமை, நள்ளிரவு 12-30 மணி. ஆட்டம் முடிவதற்கும் சோறு வடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு ஓடுவதற்கும் நடுவே எத்தனை மணி நேரம்? பெண்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

ஏலக்காய் எடுக்கும் விரல்

ஏலக்காய் மரத்தில் தொங்கும் காயல்ல. செடியின் அடியில், தரையை ஒட்டி, சரம் சரமாகக் காய்க்கும். குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். ஒரே சரத்தில் பிஞ்சும் இருக்கும், முற்றியதும் இருக்கும். முற்றியதை மட்டும் விரலால் பார்த்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். பிஞ்சைப் பறித்தால் நஷ்டம். பழுக்க விட்டால் வெடித்துவிடும். சில வாரம் கழித்து அதே செடிக்கு மீண்டும் வர வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த ஏலக்காய்க்குச் சுமார் 5 கிலோ பச்சைக் காய் வேண்டும் என்றால், எத்தனை கிள்ளல்!

இந்த வேலைக்கு யந்திரம் வந்து விடவில்லை. விரல்தான் யந்திரம். பாயசத்தில் மணக்கும் ஒவ்வொரு ஏலக்காயும் ஏதோ ஒரு பெண்ணின் நகம் பட்டு வந்ததுதான்.

அந்த நகத்தில் மண் இருக்கும்; கறை இருக்கும். தண்டுத் துளைப்பானுக்கும் இலைப்பேனுக்கும் அடித்த பூச்சிமருந்தும் இருக்கலாம். அதனால் நகத்தை ஒட்ட வெட்டிக் கொள்வதே அவர்களுக்கு நல்லது. மழையிலும் ஈரத்திலும் நகப்பூச்சு நிற்கவும் நிற்காது.

ஆகவே நீலமும் வெள்ளையும் தீட்டிய நகம் என்பது, தாயை விட மகளுக்கே வாய்க்கக் கூடியது. படிக்கிற மகளின் கையில் சரம் இல்லை, பேனா இருக்கிறது. அசல் ஜெர்சி வாங்க ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். இரண்டு புட்டி நகப்பூச்சு வாங்கச் சில பத்து ரூபாய் போதும். ஏழை வீட்டுப் பெண்ணும் எட்டிப் பிடிக்கக் கூடிய ஜெர்சி இது. இதைப் பார்த்து முகம் சுளிப்பதில் அர்த்தமில்லை.

மஞ்சள் ஜெர்சியின் மறுபக்கம்

நகத்தில் அதிகம் ஏறும் நிறங்களில் ஒன்று பிரேசிலின் மஞ்சள். அதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

1950-ல் பிரேசில் அணி வெள்ளைச் சட்டையில் ஆடியது. சொந்த மண்ணில், மரக்கானா மைதானத்தில், உருகுவேயிடம் 2-1 என்று தோற்றது. நாடே அழுதது. "இந்த வெள்ளைச் சட்டை ராசியில்லை!" என்றார்கள். 1953-ல் ஒரு பத்திரிகை, புதுச் சட்டைக்குப் போட்டி நடத்தியது. தேசக் கொடியின் நான்கு நிறங்களும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இருபது வயது கூட நிரம்பாத ஆல்டிர் ஷ்லீ என்ற இளைஞர் பரிசு பெற்றார். மஞ்சள் சட்டை, பச்சை விளிம்பு, நீலக் கால்சட்டை, வெள்ளைக் காலுறை! 1954-ல் அணி அதைப் போட்டுக் கொண்டது.

இது எல்லோரும் சொல்லும் கதை. சொல்லாத கதை ஒன்று உண்டு. அதே பிரேசிலில் பெண்கள் கால்பந்து ஆடச் சட்டப்படி தடை! 1941-ல் போட்ட தடை 1979 வரை நீடித்தது. உலகமே கண்டு மயங்கிய மஞ்சள் சட்டை பிறந்த நாளில், அதைப் போட்டு ஆட அந்த நாட்டுப் பெண்களுக்கு உரிமை இல்லை.

கால்பந்தின் தாயகமான இங்கிலாந்து மட்டும் என்ன? 1920 டிசம்பர் 26-ந் தேதி லிவர்பூல் நகரில் பெண்கள் ஆடிய ஒரு ஆட்டத்துக்கு 53 ஆயிரம் பேர் திரண்டார்கள். மறு ஆண்டே கால்பந்துச் சங்கம் விழித்துக் கொண்டது. பெண்களுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது என்று சொல்லி, சங்கத்தைச் சேர்ந்த மைதானங்களை அவர்களுக்கு மூடியது. தடை நீங்கச் சுமார் 50 ஆண்டுகள் ஆயின.

ஈரானில் ஆடுவது இருக்கட்டும், ஆண்கள் ஆடுவதைப் பார்க்கவும் விடவில்லை. சுமார் 40 ஆண்டு காலம் இந்த நிலை. 2019 அக்டோபர் 10-ந் தேதிதான் டெஹ்ரான் மைதானத்தில் பெண்களுக்கு என்று டிக்கெட் விற்றார்கள். சில ஆயிரம் பெண்கள் கொடியும் கையுமாக, முகத்தில் கொடி நிறம் தீட்டிக் கொண்டு வந்தார்கள். கம்போடியாவை ஈரான் 14-0 என்று வென்றது. ஒவ்வொரு கோலுக்கும் எழுந்த கூச்சலில் 40 ஆண்டு அடக்கிய குரல் இருந்தது.

அணியின் நிறத்தை உடம்பில் தீட்டிக் கொள்வதை வெறும் மினுக்கு என்று தள்ளிவிட முடியாதது இதனால்தான். "நானும் இந்தக் கட்சி" என்று சொல்வதற்கே பெண்கள் பாடுபட வேண்டியிருந்தது.

வீராங்கனையே தீட்டினால்?

நகம் வளர்த்தால் விளையாட்டு வராது என்பார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஓட்டக்காரி புளோரன்ஸ் கிரிபித் ஜாய்னர், நீண்ட நகங்களில் தன் நாட்டுக் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலம் தீட்டி ஓடினார். ஒரு நகத்தில் மட்டும் தங்க நிறம். "தங்கம் வாங்குவேன்" என்பது அதன் பொருள். வாங்கியது ஒன்றல்ல, மூன்று தங்கம்!

கால்பந்து ஆடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. தள்ளுமுள்ளில் நீண்ட நகம் பிறரைக் கீறும். தீட்டுவதானால் குட்டை நகத்தில் தீட்டலாம்.

தீட்டுவது எப்படி?

அர்ஜென்டினா சுலபம். நகம் முழுவதும் வெள்ளை பூசி, நன்றாகக் காய விட வேண்டும். பிறகு ஒட்டும் நாடாவை மெல்லிய கீற்றாக வெட்டி ஒட்டி, இடைவெளியில் வான நீலம் பூசி, நாடாவை உரித்தால் கோடு தயார். பிரேசிலுக்கு மஞ்சள் பூசி நுனியில் பச்சை. குரோஷியாதான் கஷ்டம். வெள்ளை மேல் சிவப்புக் கட்டங்கள். பல் குத்தும் குச்சியும் பொறுமையும் வேண்டும். மருதாணி இட்ட பெண்களுக்கு வேலையே இல்லை. ஆரஞ்சு ஜெர்சி போடும் ஹாலந்து கட்சியில் அவர்கள் தாமாகவே சேர்ந்து விடுகிறார்கள்!

மருதாணிக்கும் நகப்பூச்சுக்கும் வித்தியாசம் உண்டு. மருதாணிச் சாயம் நகத்துக்குள்ளேயே ஊறி விடும். நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லி மீட்டர்தான் வளரும். ஆகவே சாயம் மறைய மாதக் கணக்கில் ஆகும். நகப்பூச்சு மேலே படியும் ஒரு தோல். துடைத்தால் போய் விடும். இன்று அர்ஜென்டினா, நாளை பிரேசில் என்று கட்சி மாறவும் வசதி!

சில எச்சரிக்கைகள்: நகப்பூச்சு எளிதில் தீப்பற்றும். அடுப்பங்கரையில் வைத்துப் பூசக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன் அதைத் துடைத்து விட வேண்டும். நகத்தின் இயல்பான நிறம் டாக்டருக்குத் தெரிய வேண்டும். விரலில் மாட்டிப் பிராணவாயு அளக்கும் கருவிக்கும் அது இடைஞ்சல்.

அழகு நிலையங்களில் 'ஜெல்' பூச்சு என்று ஒன்று உண்டு. ஊதா வெளிச்சத்தில் கையைக் காட்டினால்தான் அது இறுகும். அந்த வெளிச்சத்தை அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக் கழகத்தார் சோதனைக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்கள் மீது பாய்ச்சினார்கள். ஒரே தடவையில், 20 நிமிடத்தில், 20 முதல் 30 சதவீத அணுக்கள் மடிந்தன என்று 2023-ல் அறிவித்தார்கள். உயிருள்ள கையிலும் அவ்வளவு சேதம் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் அடிக்கடி வேண்டாம். ஜெல்லில் சேரும் டி.பி.ஓ. என்ற ரசாயனத்தை ஐரோப்பிய நாடுகள் 2025 செப்டம்பர் 1-ந் தேதி முதல் அழகுப் பொருள்களில் தடை செய்து விட்டன. சாதாரணப் புட்டியே போதும்.

ரயில் போகும் தூரம்

நகத்தில் இருந்து மைதானத்துக்குப் போன பெண்கள் நம்மிடம் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். 2018-லும் 2023-லும் தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாடு வென்றது. 2019-ல் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்ற சேது எப்.சி. மதுரையைச் சேர்ந்த அணி. 2025 ஜூலை 5-ந் தேதி இந்தியப் பெண்கள் தாய்லாந்துக்குப் போய், அந்த நாட்டு அணியை 2-1 என்று தோற்கடித்தார்கள். ஆசியக் கோப்பைக்குத் தகுதிச் சுற்றில் வென்று இடம் பிடித்தது அதுவே முதல் தடவை. இரண்டு கோலும் போட்டவர் வங்காளத்துப் பெண் சங்கீதா பாஸ்போர்.

பிரேசிலும் மாறி விட்டது. 2027 பெண்கள் உலகக் கோப்பையை நடத்தும் பொறுப்பு அந்த நாட்டுக்கே கிடைத்திருக்கிறது.

மதுரைக்கும் போடிக்கும் ரயில் பாதையில் 90 கிலோ மீட்டர்தான் தூரம். 2010-ன் கடைசியில் நின்ற போடி ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூனில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. போடிப் பெண் நகத்தில் நீலம் தீட்டிக் கொள்ள யாரும் தடை போடவில்லை. அவள் பந்தை உதைக்க ஆசைப்பட்டால் வேண்டியவை வேறு: பள்ளிக்கூட மைதானத்தில் மாலை ஒரு மணி நேரம், கற்றுக் கொடுக்க ஒரு ஆள், இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு பஸ், மலையில் இருந்து அம்மா இறங்கி வரும் வரை தம்பி தங்கையைப் பார்த்துக் கொள்ள வீட்டில் இன்னொருவர்.