பாடி என்ன வச்சிருக்க?

கல்யாண வேலைக்கு ஆள் கூப்பிடுகிற ஸ்டூடியோக்காரர்கள் இப்போதெல்லாம் நாம் எடுத்த படத்தைக் கேட்பதில்லை. "தம்பி, பாடி என்ன வச்சிருக்க?" இதுதான் முதல் கேள்வி. நிக்கான் டி750 என்று சொன்னால் போனில் ஒரு சின்ன அமைதி. "மிரர்லெஸ் இல்லையா? சரி, பாத்துட்டுச் சொல்றேன்." சொன்னதே இல்லை. நாள் சம்பளத்துக்குச் சொந்த கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிற என் போன்றவர்களுக்கு, கேமராவை மாற்றணுமா வேண்டாமா என்பது ரசனைக் கேள்வி கிடையாது. அடுத்த முகூர்த்தத்துக்கு வேலை உண்டா என்ற கேள்வி.

கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் ஊர்க் கல்யாண ஆல்பம் பெரும்பாலும் விரித்தால் 12க்கு 36 இன்ச். ஒரு பக்கம் 12க்கு 18. இன்ச்சுக்கு 300 புள்ளி என்று தாராளமாக அச்சடித்தாலும் ஒரு பக்கத்தை நிரப்ப 3600 × 5400, அதாவது 1.94 கோடி பிக்சல் போதும். 2014இல் வந்த டி750இல் 2.4 கோடி இருக்கிறது. அந்தப் பக்கத்திலும் டிசைனர் ஏழு படத்தை ஒட்டி ஓரத்தில் ரோஜாப்பூ வைத்திருப்பார். இன்ஸ்டாகிராமில் போடுகிற 1080 × 1350 படத்தில் பதினைந்து லட்சம் பிக்சல்கூட இல்லை. அதையும் மாமாக்கள் வாட்ஸப்பில் நசுக்கித்தான் அனுப்புவார்கள். 45 மெகாபிக்சலை எடுத்து எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? 24இலிருந்து 45க்குப் போனால் நீள அகலத்தில் கூடுவது 37 சதவீதம்தான். ஹார்டிஸ்க் மட்டும் இரண்டு மடங்கு வேகத்தில் நிரம்பும்.

புதுசில் ஒன்றுமே இல்லை என்று சாதிக்க வரவில்லை. கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ் நிஜமாகவே அருமை. தாலி கட்டும் நேரத்தில் நாலு பக்கமும் கை நீளும்போது அது உயிரைக் காப்பாற்றும். வீடியோதான் பிழைப்பு என்றால் 4கே இல்லாத டி750 உதவாது, மாற்றித்தான் ஆகணும். ஒரே ஒரு கார்டு போடுகிற பாடி வைத்திருந்தால் (2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2, 2012இன் 6டி) நானே மாற்றச் சொல்வேன். கார்டு செத்துப்போனால் முகூர்த்தத்தை மறுபடி எடுக்க முடியாது. ஆனால் சத்தமில்லாத ஷட்டர் என்று விற்கிறார்களே, அதைக் கேட்டால்தான் சிரிப்பு வருகிறது. கெட்டிமேளம் கொட்டுகிற இடத்தில் யாருக்குங்க ஷட்டர் சத்தம் கேட்கிறது?

மண்டபத்தில் படம் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் வெளிச்சம். மேடையில் ஊதா எல்இடி, பக்கத்தில் மஞ்சள் பல்பு, எதிரே வீடியோ டீம் முகத்துக்கு நேராகப் பிடிக்கிற வெள்ளை லைட். மாப்பிள்ளையின் ஒரு கன்னம் ஊதா, மறு கன்னம் மஞ்சள். இதை எந்த சென்சாரும் சரிசெய்யாது. கூரை வெள்ளையாக, கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால் ஒரு ஃபிளாஷை மேலே திருப்பி அடிப்பதும், வீடியோ அண்ணனிடம் "ரெண்டு நிமிஷம் லைட்ட தள்ளிப் புடிங்கண்ணே" என்று கேட்கத் தெரிவதும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

பாடி மாற்றுவது பாடியோடு நிற்பதுமில்லை. 2018இல் நிக்கானும் கேனானும் லென்ஸ் மாட்டுகிற வாயையே மாற்றிவிட்டார்கள். பழைய லென்ஸுக்கு அடாப்டர் உண்டு. ஆனால் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டருக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. என் பழைய டி வகை 85 எம்எம்மைக் கையால்தான் திருகணும். ஆகவே புது லென்ஸ், அதற்கு இன்னொரு ஈஎம்ஐ.

என் கோபம் கேமரா கம்பெனிகள் மீதுகூட இல்லை. விற்பது அவர்கள் தொழில். பேக்கேஜ் விளம்பரத்தில் மிரர்லெஸ் என்று போட்டுக் காசு வாங்குவது ஸ்டூடியோ. அந்த மிரர்லெஸ்ஸுக்குத் தவணை கட்டுவது நாள் சம்பளக்காரன். புது பாடி வாங்கினால் சம்பளம் கூடுமா என்று கேட்டேன். "வேலை கிடைக்கும்ல தம்பி" என்றார்கள். அவர்கள் போடவேண்டிய முதலீட்டை நம் தலையில் கட்டிவிட்டு அதற்கு அப்கிரேட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மிரர்லெஸ் அவ்வளவு அவசியம் என்றால் நாள் வாடகைக்கு எடுத்து எங்கள் கையில் கொடுக்கட்டுமே. சென்னையில் வாடகைக்குக் கிடைக்காத கேமராவா?

இதைப் படிக்கிறவர்களில் பலருக்குச் சீக்கிரம் கல்யாணம் இருக்கலாம். ஸ்டூடியோவுக்குப் போனால் கேமரா பெயரைக் கேட்காதீர்கள். பொறுக்கியெடுத்த இருபது படம் வேண்டாம், ஒரு முழுக் கல்யாணத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதை எடுத்தது யார், அவரேதான் உங்கள் கல்யாணத்துக்கும் வருவாரா, அன்றைக்கு அவருக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்றும் கேளுங்கள்.