தாத்தாவும் பேத்தியும் உருட்டும் ஒரே பகடை

'கேம் எல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்' என்று இன்னமும் சொல்கிறோம். மந்திரவாதியாகவோ வீரனாகவோ நாமே மாறி ஆடும் ரோல்-பிளேயிங் கேம்களின் கதை வேற.

அமெரிக்காவில் இன்று 60-ஐத் தாண்டிய பலருக்கு இது தொடங்கியது கம்ப்யூட்டரில் இல்லை. 1974-ல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேஜை விளையாட்டில், பகடையோடு. அதில் மயங்கிய டெக்சாஸ் மாணவர் ரிச்சர்ட் கேரியட், தானே கேம் எழுதி, ஜிப் பையில் போட்டு விற்றார். 1981-ல் அவருடைய 'அல்டிமா' வந்தது. ஜப்பான் சிறுவர்களுக்கு 1986-ல் 'டிராகன் குவெஸ்ட்' வீட்டு டிவியிலேயே வழி திறந்தது. 2004-ல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' முகம் தெரியாதவர்களை ஆன்லைனில் ஒரே அணியாக்கியது.

2023-ல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' பழைய மேஜை விளையாட்டின் விதிகளில்தான் ஓடுகிறது. அதே 20 முகப் பகடை ஸ்கிரீனில் உருள்கிறது. தாத்தாவுக்கு அது பழகிய பகடை; இருபது வயதுப் பேத்திக்குப் புதுசு. ஆட்டம் ஒன்றுதான்.

ஆக, வயசு ஒரு தடையே இல்லை. கூப்பிட ஆள் வேணும், அவ்வளவுதான். அடுத்த முறை அப்பா 'என்னடா இது?' என்று எட்டிப் பார்த்தால், ஹெட்போனைக் கழற்றுங்க. அவருக்கும் ஒரு கேரக்டர் உருவாக்கிக் கொடுங்க.