வங்கி வகுத்த வரம்பும் நமது வரம்பும்

புதிதாகக் கடன் அட்டை பெற்றவர் எவராயினும், உறையைப் பிரித்ததும் அவர் கண் முதலில் தேடுவது அதனுடன் வந்திருக்கும் நிபந்தனைப் புத்தகத்தை அல்ல. தமக்கு எவ்வளவு ரூபாய் வரையில் கடன் அனுமதித்திருக்கிறார்கள் என்ற தொகையைத்தான். மாதம் 40,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஓர் இளைஞருக்கு 1,00,000 ரூபாய் வரம்பு அளிக்கப்பட்டிருக்குமானால், தமது சம்பளத்தைப்போல் இரண்டரை மடங்கு யோக்கியதையை ஒரு பெரிய ஸ்தாபனம் தம்மிடம் கண்டுகொண்டுவிட்டதாக அவர் பூரித்துப்போவது மனித சுபாவம். அந்தப் பூரிப்பைக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தத் தொகை யார் போட்ட கணக்கு என்பதை அவர் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்ப்பது நல்லது.

வங்கி வரம்பை நிர்ணயிக்கும்போது விண்ணப்பதாரரின் வருமானத்தைப் பார்க்கிறது. ஏற்கெனவே உள்ள கடன்களைப் பார்க்கிறது. 300க்கும் 900க்கும் இடையில் நிற்கும் சிபில் மதிப்பெண்ணைப் பார்க்கிறது. பிற வங்கிகளில் அவருக்குள்ள வரம்புகளையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டின் உத்தரவில் விதித்திருக்கிறது. இத்தனையும் பார்த்த பிறகு அது தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி, வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக இவர் கையில் என்ன மிஞ்சும் என்பதன்று. இவரைப் போன்ற ஆயிரம் பேருக்கு இவ்வளவு கொடுத்தால், சிலர் தவறினாலும், மொத்தத்தில் லாபம் நிற்குமா என்பதே. ஆகவே அது வங்கி தன் அபாயத்துக்கு எடுத்துக்கொண்ட அளவு. நம் வசதிக்கு இன்னும் எவரும் அளவெடுக்கவில்லை. அதை நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடக் குழப்பம் விளைவிப்பது, கைப்பேசிச் செயலியைத் திறந்தவுடன் முகப்பில் தெரியும் மற்றொரு தொகை; அதாவது, இன்னும் செலவிடக்கூடிய கடன். நமது இளைஞர் அட்டை வந்த முதல் மாதத்திலேயே 36,000 ரூபாய்க்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியைப் பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 ரூபாய்தானே, வரம்பிலும் அவ்வளவுதான் குறையும் என்று அவர் எண்ணுவார். ஆனால் 36,000 ரூபாயும் அன்றைக்கே வரம்பிலிருந்து கழிக்கப்பட்டு, ஒவ்வொரு தவணையும் செலுத்தச் செலுத்தத்தான் சிறிது சிறிதாக விடுபடும். அதன்பின் மளிகை, பெட்ரோல் என்று 9,000 ரூபாய் செலவாகிறது. இதற்கு இன்னும் பில் வரவில்லை என்றாலும் வரம்பு குறைந்துவிடுகிறது. நண்பரின் கல்யாணத்துக்கு மதுரை சென்று விடுதியில் தங்கும்போது, அறை வாடகைக்கு மேல் ஒரு பந்தோபஸ்தாக 5,000 ரூபாயை அட்டையில் பிடித்துவைக்கிறார்கள். அது செலவுமல்ல, பில்லில் ஏறப்போவதுமல்ல, ஆனால் விடுவிக்கும் வரையில் அதுவும் கழிவுதான். இவ்வளவும் போக அவர் செயலியில் தெரிவது 50,000 ரூபாய். மாதச் சம்பளத்தைவிட அதிகமான அந்தத் தொகையைப் பார்க்கிறவருக்கு, சேமிப்புக் கணக்கிலே கிடக்கும் சொந்தப் பணத்தைப் பார்ப்பது போன்ற ஒரு தைரியம் வந்துவிடுகிறது. இந்த மாயத் தைரியம்தான் என் ஆட்சேபம்.

வரம்புக்குள் தனியாக ரொக்க வரம்பு என்று ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். அது மொத்த வரம்பின் ஒரு பகுதியே அன்றி அதற்குமேல் கிடைக்கும் உபகாரம் அன்று. ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்கெனத் தனிக் கட்டணமும் உண்டு. குடும்பத்தாருக்கு வாங்கிக்கொடுக்கும் துணை அட்டைக்கும் பெரும்பாலும் வரம்பு வேறில்லை. இருவர் ஒரே பானையிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்ற சலுகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 20,000 ரூபாய் பில்லுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் 1,000 ரூபாய் கட்டியதும், செலவிடக்கூடிய கடன் 1,000 ரூபாய் உயர்ந்து காட்டும். கட்டியவருக்கும் நிம்மதியாக இருக்கும். நின்றுபோன 19,000 ரூபாய்க்கு மாதம் மூன்றரை வட்டி 665 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ஏறத்தாழ 785 ரூபாய். ஆக, கட்டிய ஆயிரத்தில் கடன் தீர்ந்தது 215 ரூபாய். உயர்ந்த வரம்பு அடுத்த பில்லில் சத்தமின்றி இறங்கிவிடுகிறது. இது குறைத்துச் சொன்ன கணக்கு. முழுத் தொகையையும் கட்டத் தவறினால், பொருள் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும், புதிதாக வாங்குவனவற்றுக்கும் வட்டியில்லா அவகாசம் போய்விடும். கிராமத்தில் மூன்று வட்டிக்குக் கொடுப்பவரைப் பற்றி நாம் என்ன அபிப்பிராயம் வைத்திருக்கிறோமோ, அதைவிட அரை வட்டி கூடுதலாக வாங்குபவர் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள அவசியமில்லை. வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வாணிபம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அளித்த தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்துசெய்துவிட்டது.

இவ்வளவும் கேட்டு, வரம்பு குறைவாக இருப்பதே க்ஷேமம் என்று ஒருவர் முடிவுகட்டினால், அதுவும் முழு உண்மையாகாது. அட்டையில் நிலுவையில் இருக்கும் தொகை அவ்வப்போது கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகிறது. 40,000 ரூபாய் வரம்பில் மாதந்தோறும் 36,000 ரூபாய் செலவழித்து, ஒரு நாளும் தவறாமல் முழுவதும் கட்டுகிற உத்தமரும், வரம்பின் விளிம்பில் வாழ்பவர் போலவே அந்த ஏட்டில் காணப்படுவார். வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்பது உசிதம் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான். பில் வருமுன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுவது இதற்கு எளிய பரிகாரம். பெரிய வரம்பு கையில் இருக்கட்டும். கை அதில் நீளாமல் இருந்தால் சரி.

அதற்கு வழியும் இருக்கிறது. ஒவ்வொரு வகைச் செலவுக்கும் அட்டைக்காரரே தமக்குள் ஓர் எல்லையை அமைத்துக்கொள்ளும் வசதியைத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020லேயே விதித்துவிட்டது. நம்முடைய வெளிப்படையான சம்மதமின்றி வரம்பை உயர்த்தவோ, வரம்பைத் தாண்டிச் செலவை அனுமதிக்கவோ வங்கிக்கு அதிகாரமில்லை என்பதையும் 2022 உத்தரவு தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் தொலைபேசியில் இனிய குரலில் "உங்கள் வரம்பை இலவசமாக உயர்த்தித் தருகிறோம்" என்று கேட்கும்போது, அந்தச் சம்மதம் எவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்துவிடுகிறது!

ரிசர்வ் வங்கி இன்னும் ஒரு காரியம் செய்யலாம். செலவிடக்கூடிய கடன் என்ற தொகையைக் கொட்டை எழுத்தில் காட்டுகிற ஒவ்வொரு செயலியும், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், பில்லான தொகை, பில்லாகாத தொகை, தவணைக்குப் பூட்டியது, பிறர் பிடித்துவைத்தது என்று பிரித்துக் காட்டவேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம். வங்கிகளிடம் இந்தக் கணக்கெல்லாம் நொடிக்கு நொடி தயாராகவே இருக்கிறது. அதுவரையில், புது அட்டை வாங்கியிருக்கும் வாசகர்கள், கடைக்குப் போகுமுன் செயலியில் தங்கள் எல்லையைத் தாங்களே குறித்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.