குடும்பமும் சட்டமும்: மூன்றாவது அடி



மூன்று வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலை. ஐந்தரை மணி இருக்கும். என் வீட்டு வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மகனுடைய மாற்றுச் சட்டை, அடையாளக் கார்டு, ஒரு போத்தல் தண்ணீர்.

"ஐயா, எம் பிள்ளைய போலீஸ் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அவன் திருடனைத்தான் அடிச்சான். திருடனை அடிச்சாலுமா புடிப்பாங்க?"

இந்தக் கேள்வியைத் தோட்டத்திலும் தாமான் வீடுகளிலும் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்மாதம் அந்தக் குடும்பத்தின் கதையையே சொல்கிறேன். அவர்களுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

அந்த அம்மாள் கணவனை இழந்தவர். மகன் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறான். இருபத்திரண்டு வயது. மகள் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். இருப்பது பழைய லயத்துக் கடைசி வீடு. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. குறுக்கே ஒரு கட்டையைப் போட்டுத்தான் மூடுவார்கள். அன்று இரவு மகள் கட்டையைப் போட மறந்து தூங்கிவிட்டாள். அவ்வளவுதான்!

இரண்டு மணிக்கு ஒருவன் பாராங் கத்தியோடு உள்ளே வந்தான். அம்மாளின் கழுத்தில் கத்தியை வைத்து, காதில் கிடந்த தோட்டைக் கழற்றச் சொன்னான். சத்தம் கேட்டு மகன் எழுந்தான். கதவோரம் சாத்தியிருந்த அந்தக் கட்டை கைக்குக் கிடைத்தது. முதல் அடி திருடன் கையில் விழுந்தது. பாராங் கீழே விழுந்தது. அதை எடுக்க அவன் குனிந்தான். இரண்டாவது அடி தோளில் விழுந்தது. அவன் வாசற்படி தாண்டிப் போய்க் கால்வாய் ஓரத்தில் விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்றாவது அடி. அது முழங்காலுக்குக் கீழே விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது.

அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். "கட்டிப் போட்டு உரிச்சிடலாம்" என்றார் ஒருவர். "கால்வாய்ல தள்ளிட்டுக் கதவைச் சாத்துங்க, போலீஸ் வம்பு வேண்டாம்" என்றார் இன்னொருவர். நல்ல வேளை, ஒரு பெரியவர் 999-க்குப் போன் செய்து, ஆம்புலன்சும் போலீசும் வரச் செய்தார்.

இதற்கிடையில் அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? வீட்டில் ரத்தமாக இருக்கிறதே என்று தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கீழே கிடந்த பாராங்கையும் கழுவி, மூலையில் தங்கள் வீட்டுப் பாராங்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பழக்கம்! ஒரு தாய் பிறகு என்ன செய்வார்?

போலீஸ் வந்தபோது பார்த்தது இதுதான்: கால் முறிந்து கிடக்கிறான் ஒருவன், கையில் கட்டையோடு நிற்கிறான் இன்னொருவன். தரை சுத்தமாக இருக்கிறது. மூலையில் இரண்டு பாராங், இரண்டும் கழுவியவை. திருடன் கொண்டுவந்த கத்தி எது? யாரால் சொல்ல முடியும்?

நேயர்களே, போலீஸ்காரர் மேல் கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள். நடந்தது நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. பலத்த காயம் பட்ட ஆள் கண் முன்னே கிடந்தால், அடித்தவனை அழைத்துப் போய் விசாரிப்பது அவர் வேலை. பிடித்துக்கொண்டு போனதாலேயே நம் பிள்ளை குற்றவாளி ஆகிவிட மாட்டான்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

நம் நாட்டுப் பீனல் கோட்டில், அதாவது தண்டனைச் சட்டத்தில், 96-ஆம் பிரிவிலிருந்து 106-ஆம் பிரிவு வரை தற்காப்பு உரிமையைப் பற்றியவை. 1860-இல் வெள்ளைக்காரர் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்தின் வழியில் வந்தவை அவை. நம் உடம்பையும் பிறர் உடம்பையும் காக்கலாம். நம் உடைமையையும் பிறர் உடைமையையும் காக்கலாம். அந்த உரிமைக்குள் செய்தது குற்றமே அல்ல என்கிறது 96-ஆம் பிரிவு. உயிர் போகும், பலத்த காயம் ஏற்படும், பெண்ணின் மானம் பறிபோகும், ஆளைக் கடத்துவார்கள் என்று நியாயமாக அஞ்சும்படியான தாக்குதல் வந்தால், தாக்குகிறவனின் உயிரே போனாலும் சட்டம் தற்காப்பு என்றே ஏற்கும் என்று 100-ஆம் பிரிவு சொல்கிறது. கொள்ளைக்கும், இரவில் வீடு உடைத்துப் புகுவதற்கும் 103-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது.

"அப்படியானால் பயமில்லையே!" என்று சொல்லிவிடாதீர்கள். இந்த உரிமைக்கு இரண்டு வேலிகள் உண்டு.

ஒன்று, 99-ஆம் பிரிவு. காப்பாற்றிக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் அதைத்தான் நாட வேண்டும். மற்றொன்று, 102-ஆம் பிரிவு. ஆபத்து வருகிறது என்ற நியாயமான அச்சம் எழும்போது உரிமை பிறக்கிறது. அந்த அச்சம் நீங்கியதும் உரிமையும் முடிகிறது. கத்தி முனையில் நிற்பவன் தன் அடியைப் பொன் தராசில் நிறுத்துப் போட முடியாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் விழுந்து கிடப்பவனை அடித்தால், அது தற்காப்பா, பழிவாங்கலா என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் அந்தத் தம்பியிடம் பதில் இருந்தது. மூன்றாவது அடிக்கு? பிறகு நான் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அம்மா கழுத்துல ரத்தத்தப் பாத்தேன் ஐயா. கை தானா ஓங்கிருச்சு."

ஆயுதம் போன்ற பொருளால் எலும்பை முறித்தால் 326-ஆம் பிரிவு பாயும். 20 ஆண்டு வரை சிறை. அபராதமோ பிரம்படியோ கூடவே வரலாம். ஒருவேளை திருடன் இறந்திருந்தால்? 302-ஆம் பிரிவு கொலைக்குற்றம்! 2023 ஜூலை 4 முதல் மரண தண்டனை கட்டாயமில்லை என்றாலும், தூக்கு இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும். நல்லெண்ணத்தோடு தற்காக்கும்போது அளவு மீறி உயிர் போனால் கொலை என்பது குறைந்த குற்றமாகும். ஆனால் அதற்கும் நீண்ட சிறை உண்டு. ஒரே ஓர் அடி எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது, பார்த்தீர்களா?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். "நான் தற்காத்துக்கொண்டேன்" என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும் என்கிறது 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு. அதனால்தான் கழுவிய தரையும் கழுவிய பாராங்கும் என் நெஞ்சில் இடியாக விழுந்தன. பிள்ளையைக் காப்பாற்ற வேண்டிய சாட்சியைத் தாயே கழுவிவிட்டார்!

அன்று காலை நான் அந்த அம்மாளை முதலில் அழைத்துப் போனது காவல் நிலையத்துக்கு அல்ல, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. கழுத்தில் கீறல் இருந்ததல்லவா? அது இரண்டு நாளில் ஆறிவிடும். டாக்டர் எழுதி வைத்த குறிப்பு ஆறாது. பிறகுதான் காவல் நிலையம் போய், திருடன் வீட்டுக்குள் புகுந்ததைப் பற்றி அம்மாள் பெயரில் ரிப்போர்ட் செய்தோம். இதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. அடிபட்டவன் பக்கத்து ரிப்போர்ட் மட்டும் இருந்தால், கதை அவன் வாயிலிருந்துதான் தொடங்கும். எந்தக் காவல் நிலையத்திலும் ரிப்போர்ட்டை ஏற்க வேண்டும். வாயால் சொன்னதை எழுதி, நமக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். மலாய் சரியாக வராவிட்டால் வெட்கப்படாமல் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். ஒரு பிரதியும் வாங்கி வையுங்கள்.

கைதானவருக்கு உள்ள உரிமைகளைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு சொல்கிறது. எதற்காகப் பிடிக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். எங்கே இருக்கிறோம் என்று வீட்டாருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கலாம். வழக்கறிஞரோடு தொடர்பு கொள்ளலாம். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி. அதற்கு மேல் காவலில் வைக்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைக்குரிய குற்றமென்றால் முதல் தடவை 4 நாள் வரை, மறு தடவை 3 நாள் வரை. 14 ஆண்டும் அதற்கு மேலும் சிறை, அல்லது மரண தண்டனைக் குற்றமென்றால் முதலில் 7 நாள் வரை, பிறகு 7 நாள் வரை. இது தண்டனை அல்ல, விசாரணைக்கான காவல்.

"வக்கீலுக்கு எங்கே போவோம் ஐயா, வெள்ளி இல்லையே" என்றார் அம்மாள். தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இயங்குகிறது. காவல் உத்தரவு கேட்கும் நாளிலேயே மலேசியக் குடிமக்களுக்கு அதன் வழக்கறிஞர் இலவசமாகப் பேசுவார். பிறகு வழக்கு நடந்தால் வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். கொலைக் குற்றம் சாட்டப்பட்டு வசதியில்லாதவருக்கு உயர்நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும். எங்கள் தம்பிக்காக ஓர் இளம் வழக்கறிஞர் அம்மையார் வந்து பேசினார். போலீஸ் கேட்டது 7 நாள். மாஜிஸ்திரேட் கொடுத்தது 4 நாள்.

விசாரணையில் வாக்குமூலம் எழுதுவது 112-ஆம் பிரிவின் கீழ். உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் தன்னைக் குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். அந்த உரிமையை முதலிலேயே நமக்குச் சொல்ல வேண்டும். எழுதியதை நாம் பேசிய மொழியில் படித்துக் காட்டி, திருத்த இடம் கொடுத்த பிறகுதான் கையெழுத்து.

மூன்றாவது அடியை மறைத்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். "திருடன் ஓடும்போது விழுந்து காலை உடைச்சிக்கிட்டான்னு சொல்லுப்பா" என்றார். வழக்கறிஞர் அம்மையார் ஒரே வார்த்தையில் தடுத்தார்: "ஒரு பொய் பிடிபட்டால் மீதி உண்மையும் பொய்யாகிவிடும்." தம்பி நடந்ததை நடந்தபடியே சொன்னான். போன் செய்த பெரியவரும் தாம் பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

வேறொருவர் வந்தார். "பாலாய்ல நமக்கு ஆள் இருக்கு, மூவாயிரம் வெள்ளி கொடுத்தா முடிச்சிடலாம்" என்றார். அம்மாள் தோட்டை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்! திருடனுக்குக் கொடுக்காத தோட்டைத் தரகனுக்குக் கொடுப்பதா? லஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம் தாய்மார்களே. இருக்கிற வழக்கோடு இன்னொரு வழக்கும் சேரும்.

நான்காம் நாள் தம்பி ஜாமீனில் வெளியே வந்தான். அதன் பிறகு எட்டு மாதம். கூப்பிட்டபோதெல்லாம் போக வேண்டும். அந்த நாள் சம்பளம் போகும். தங்கச்சி, கட்டையைப் போட மறந்தது தன் தவறு என்று அழுதுகொண்டே இருந்தாள். குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது போலீசும் அல்ல, நாமும் அல்ல. அரசாங்க வழக்கறிஞர் தரப்பு. கடைசியில், குற்றம் சாட்டப் போவதில்லை என்ற செய்தி வந்தது. அம்மாள் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "அந்த மூணாவது அடிய மட்டும் அடிக்காம இருந்திருக்கலாம் ஐயா" என்றான்.

நேயர்களே, திருடன் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தாயின் கழுத்தில் கத்தியை வைத்தவனைத் தடுக்காத பிள்ளை என்ன பிள்ளை? தடுங்கள். ஆனால் அவன் கையிலிருந்து கத்தி போய், அவனும் விழுந்துவிட்டால், உங்கள் கையையும் நிறுத்துங்கள். பின்வாங்குங்கள். கூச்சல் போட்டு ஆளைச் சேருங்கள். 999-க்குப் போன் செய்து போலீசோடு ஆம்புலன்சையும் கேளுங்கள். அடிபட்டவன் திருடனே ஆனாலும் அவனுக்கு வைத்தியம் கேட்டவர் என்ற பெயர் உங்களுக்கு நன்மையே தரும். எதையும் கழுவாதீர்கள், நகர்த்தாதீர்கள், தொடாதீர்கள். உங்கள் காயத்தை அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் பக்கத்து ரிப்போர்ட்டைத் தாமதிக்காமல் செய்யுங்கள். பார்த்தவர்கள் பெயரை எழுதி வையுங்கள்.

பயத்தினால் பாராங்கை மோட்டார் சைக்கிளில் எப்போதும் வைத்துக்கொண்டு பசார் மாலாமுக்குப் போகிற தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. வேலைக்குக் கொண்டுபோவது வேறு. தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதே குற்றம். வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இந்தப் பக்கத்தைக் கிழித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வையுங்கள். தேவைப்படாமலே போகட்டும் என்பதுதான் என் பிரார்த்தனை.

முக்கியமாக, இன்றிரவு படுக்கும் முன் பின்கதவுக் கட்டையைப் போட்டாயிற்றா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.